மலைதான் மேற்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகத் தயங்கினேன். தொழுகை சம்பந்தப்பட்ட விஷயம். சிரிப்பாகிவிடுமே என்ற பயம். ஆனால் என் மச்சினன் எங்கள் போடி ஊர் முழுக்க இதைத் தன் இஷ்டத்துக்குச் சொல்லித் திரிகிறான். இனியும் பொறுப்பதற்கில்லை.

அன்று கடையைச் சாத்திவிட்டு, நானும் வீட்டுக்காரியும் மச்சினனின் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, மூணாறு பக்கம் ஒரு பெரிய பூங்காவுக்குப் போனோம். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப். ஒவ்வொரு வளைவிலும் நான் கலிமா சொன்னேன். அவன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

பூங்காவில் முட்டைக்கோஸ் அளவுக்கு டாலியாப் பூக்கள். வீட்டுக்காரி ஒரு பூ விடாமல் படம் எடுத்து என் போனில் சார்ஜைத் தீர்த்தாள். சாயங்காலத் தொழுகையான அஸர் தொழ நின்றால், கிப்லா, அதாவது மக்கா இருக்கும் மேற்குத் திசையைக் காட்டப் போன் இல்லை. மூடுபனியில் சூரியனும் இல்லை. மச்சினன் போனில் டவர் இல்லை.

போடிக்காரனுக்குக் கிப்லா ஒரு பிரச்சினையே அல்ல. எங்களுக்கு மலை மேற்கே நிற்கிறது. கடையிலோ தோப்பிலோ மலையைப் பார்த்து நின்றால் போதும். அந்த மலை மேலேயே ஏறிவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. சுற்றிலும் மலை.

“மாப்ளே, மேக்கு எந்தப் பக்கம்டா?”

“மலை இருக்கிற பக்கந்தான் மச்சான். பிடிச்சதை எடுத்துக்கங்க.”

“ஏங்க, ஐஸ்கிரீம் கடைப் பக்கம் வெளுப்பாத் தெரியுது. அதான் மேக்கு” என்றாள் வீட்டுக்காரி.

“ஐஸ்கிரீம் வேணும்னா நேராக் கேளு.”

காவலாளி விசில் ஊதினார். பூங்காவை மூடப்போகிறார்கள். வெளியே போய் ஜீப்பில் ஏறினால் வழியிலேயே பொழுது சாய்ந்துவிடும், அஸர் போய்விடும். பல வருஷமாக ஒரு வக்துத் தொழுகையும் விடாதவன், டாலியாவுக்காகவா விடுவது?

இருப்பதில் பெரிய மலையாகப் பார்த்து, துண்டை விரித்து நின்றேன். அவள் எனக்குப் பின்னால் நின்றாள்.

இரண்டாவது ரக்அத்தில் என் முதுகு சுட்டது. பனி விலகி, சாயங்கால வெயில் பின்னாலிருந்து அடித்தது. ரப்பே, நான் போடியைப் பார்த்தல்லவா தொழுதுகொண்டிருக்கிறேன்! தொழும்போது திசை தெரிந்தால் அப்படியே திரும்பிக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் பயானில் கேட்டிருந்தேன். திரும்பினேன்.

நேர் எதிரே வீட்டுக்காரி.

அவள் முகத்தைப் பார்த்தேன்; என் முகத்தை அவள் பார்த்தாள். அவ்வளவுதான், குபீரென்று சிரித்துவிட்டாள். முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு விலகி ஓடினாள். அவள் விலகிய இடத்தில் ஐஸ்கிரீம் கடை. சிரிப்பு வராமல் காப்பாற்று என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே சலாம் கொடுத்து முடித்தேன்.

“பாதியில கோவிச்சுக்கிட்டுத் திரும்பிட்டீங்கனு நினைச்சேன்” என்றாள், இன்னும் சிரித்தபடி.

“சத்தமாச் சிரிச்சே இல்ல? தொழுகையும் போச்சு, ஒளுவும் போச்சு. ஓடு, வெரசா!”

ஐஸ் மாதிரித் தண்ணீர் வந்த குழாயில் முகம் கைகால் கழுவி மறுபடி ஒளு செய்துவிட்டு வந்து நின்றாள். “வேகம் சேச்சி, வேகம்” என்று காவலாளி அவசரப்படுத்தினார். நான் கேட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். அவள் முடிக்கிற வரை அவரும் பூட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். நல்ல மனுஷன். வெளியே வந்தபோதும் வெயில் மிச்சமிருந்தது. இருவருக்கும் அஸர் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஐஸ்கிரீம்தான் கிடைக்கவில்லை; கடையைச் சாத்திவிட்டார்கள்.

இப்போது எங்கே போனாலும் மேற்கை அவளிடம்தான் கேட்கிறேன்.

நான் யானையைப் பார்த்துத் தொழுததாக மச்சினன் டீக்கடையில் சொல்கிறான். யானையே வரவில்லை. இதைப் படித்தவர்கள் யாரிடமாவது சொல்வதாக இருந்தால், இங்கே உள்ளபடியே சொல்லுங்கள். எனக்காக ஐஸ்கிரீம் கடையை மறைக்கவும் வேண்டாம்.