கரிக்கோச்சி ஊதிய அன்று

தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருப்பது தண்ணீர் ஓடும் ஒரு கானும் கொஞ்சம் புல்லும்தான். ஹட்டனிலிருந்து மேலே ஏறி வரும் ரயில்கள் அடுத்த ஸ்டேஷனுக்குள் நுழையும் முன் அனுமதிக்காகக் காத்து நிற்கும் கைகாட்டி மரம் எங்கள் வரிசையின் கடைசிக் காம்பிரா வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. கல்யாணமாகி வந்த முதல் வாரம் ஒவ்வொரு ரயிலுக்கும் நான் திடுக்கிட்டு எழுந்தேன். தரை அதிரும். சுவர் ராக்கையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதும். சாமிப் படத்தின் கண்ணாடி சட்டத்துக்குள் நடுங்கும். பிறகு பழகிவிட்டது. பேச்சின் நடுவில் ரயில் வந்தால் இங்குள்ளவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்து, அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். நானும் அப்படி ஆகிவிட்டேன்.

மகள் பிறந்ததிலிருந்து அந்த அதிர்வில்தான் வளர்ந்தாள். தவழத் தொடங்கியபோதே ரயில் வருவது அவளுக்குத் தெரிந்துவிடும். சிமெந்துத் தரையில் விளையாடிக்கொண்டிருப்பவள் திடீரென்று தலையைத் தூக்குவாள், வாசலுக்கு விரைவாள். நாங்கள் காது கொடுத்துக் கேட்டால் ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வளைவில் சத்தம் கேட்கும். இதைப் பார்க்க அக்கம்பக்கத்துக்காரர்கள் வேண்டுமென்றே வந்து உட்கார்வார்கள்.

"பாம்புக் காது, டீச்சர், ஒங்க மவளுக்கு," என்பார் பக்கத்துக் காம்பிரா அக்கா. கொழுந்து எடுக்கப் போகிறவர். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். "கோச்சி ஹட்டன்ல கெளம்பயிலயே இங்க எந்திரிச்சிர்றா. இவள ஸ்டேஷன் மாஸ்டராக்கிட்டா போன் செலவு மிச்சம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

நாங்கள் கார்டு என்று சொல்லும் மகளின் வளர்ச்சிப் பதிவேட்டில் ஒரு பக்கம் தாய்மார் நிரப்புவதற்கானது. பிள்ளை சத்தத்துக்குத் திரும்புகிறதா என்ற கேள்விக்கு எதிரே நான் யோசிக்காமல் சரி அடையாளம் போட்டேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்க வரும் மருத்துவமாது வாயாலும் ஒருமுறை கேட்டார். "ரயில் வர்றதுக்கு முன்னாடியே ஓடுவா மிஸ்," என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நான் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது என் வேலையில் ஒன்று. அதை எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன். வீட்டில் ஒரு தடவை செய்து பார்க்கவில்லை.

இரண்டரை வயதிலும் அவள் பேசவில்லை. "ம்மா" என்று ஒரு சத்தம் மட்டும் இருந்தது. அதுவும் என்னைக் கூப்பிடுவதற்கா, வெறும் சத்தமா என்று தெரியாது. என் கணவர் நாலு வயது வரை பேசவில்லையாம். அவர் வீட்டார் அதைச் சொல்லிச் சொல்லியே என்னை அமைதியாக்கினார்கள். நானும் அமைதியாக இருப்பதுபோல நடந்துகொண்டேன். கவலைப்பட்டால் படித்த திமிர் என்பார்கள் என்று ஒரு பயம். கவலைப்படாவிட்டால் நாளைக்கு என்னைத்தான் கேட்பார்கள் என்று இன்னொரு பயம்.

அந்தச் சமயத்தில்தான் கரிக்கோச்சி வந்தது.

நிலக்கரியில் ஓடும் பழைய ரயிலுக்கு இங்கே அதுதான் பெயர். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் சேர்ந்து முழு ரயிலையும் அமர்த்திக்கொண்டு கொழும்பிலிருந்து மலைக்கு வருவார்கள். எப்போதாவதுதான் வரும். அட்டவணையில் இருக்காது. ஸ்டேஷனில் வேலை செய்யும் என் கணவரின் கூட்டாளி முதல் நாள் போன் பண்ணிச் சொல்லுவார். உடனே லயம் முழுக்கச் செய்தி போகும். பெண்கள் செய்யும் முதல் வேலை, கொடியில் காயும் துணிகளை உள்ளே எடுப்பது. எடுக்காவிட்டால் வெள்ளைச் சட்டையெல்லாம் கரிப் பொட்டு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என் கணவருக்கும் தொழிற்சாலையில் வேலை இல்லை. எல்லோரும் புல் கரையில் நின்றோம். கீழ் வளைவில் முதலில் புகைதான் தெரிந்தது, தேயிலைக்கு மேலே, மெதுவாக ஏறிக்கொண்டு. மகள் வழக்கம்போல எங்களுக்கு முன்பே பாதைப் பக்கம் திரும்பியிருந்தாள். அக்கா என் விலாவில் இடித்தார். "பாத்தீங்களா? கரிக்கோச்சியும் தப்பல."

கைகாட்டி இறங்கவில்லை. எதிரே இன்னொரு ரயில் வர வேண்டியிருந்தது போல. கரிக்கோச்சி எங்களுக்கு நேரே வந்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. பயணிகள் ஜன்னல் வழியாகச் சாய்ந்து எங்களைப் படம் எடுத்தார்கள். பிள்ளைகள் கை ஆட்டினார்கள். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நல்லா எடுங்க, நாட்டுக்குக் கொண்டு போயி மாட்டுங்க," என்றார்.

கொஞ்ச நேரத்தில் மகளுக்கு அலுத்துவிட்டது. நின்ற ரயில் அவளுக்குப் பிடிக்காது. என்ஜினுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, புல்லுக்குள் இருந்த சின்ன மஞ்சள் பூக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். நான் அவளுக்குப் பின்னால், அவள் சட்டைக் காலரைப் பிடித்தபடி நின்றேன். பாதைக்கு ஓடிவிடுவாளோ என்று.

என்ஜினில் இருந்து முகமெல்லாம் கரியாக ஒருவர் எட்டிப் பார்த்தார். "பபா, பய வென்ன எப்பா!" என்று சிங்களத்தில் கத்தினார். பயப்படாதீர்கள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. பிறகு கைகாட்டிக்காக ஊதினார்கள்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. டீசல் ரயிலின் ஊதல் காதில் விழும். இது நெஞ்சுக்குள் விழுந்தது. என் கை தானாகவே அவள் காலரை விட்டுவிட்டது. அக்கா "ஐயோ சாமி" என்று காதைப் பொத்திக்கொண்டார். கைக்குழந்தைகள் வீரிட்டன. கானுக்குள் படுத்திருந்த நாய் லயத்துக்குள் ஓடியது.

என் மகள் பூப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு பூ. அடுத்த பூ. ஊதல் இன்னும் நிற்கவில்லை. மூன்றாவது பூவுக்குக் கை நீட்டியபோதுதான் அவள் தற்செயலாக நிமிர்ந்தாள். எதிரே நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எல்லோரும் காதில் கை வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, பூக்களைக் கீழே போட்டு, இரண்டு கைகளையும் தன் காதுகளில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாருங்க, காதப் பொத்துறத!" என்று எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் குனிந்து அவளைத் தூக்கி முத்தமிட்டார்.

ஊதல் நின்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் எடுத்ததைப் பார்த்த பிறகுதான் எடுத்தாள்.

ஊதலுக்கு அவள் திரும்பாததை இரவுச் சாப்பாட்டுக்கு முன் கணவரிடம் சொன்னேன். ரயில்களைப் பற்றியும் சொன்னேன். தரை அதிர்வதால்தான் அவள் ஓடுகிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றேன்.

"காதப் பொத்துனாளா இல்லையா?"

"மத்தவங்களப் பாத்துட்டுத்தாங்க பொத்துனா."

"ஒனக்கு என்னாத்துக்குத்தான் பயமில்ல? போன மாசம் கண்ணு மாறுகண்ணுன்ன. அதுக்கு முந்தி காலு வளஞ்சிருக்குன்ன."

அது உண்மைதான். பலமுறை வீணாகப் பயந்தவள் ஒருமுறை சரியாகப் பயப்படும்போது, அதை எந்தக் குரலில் சொல்வது?

அடுத்த நாள் முழுக்க அவளுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். சட்டியைத் தட்டினேன். சிலவேளை திரும்பினாள். என் நிழல் சுவரில் விழுந்ததாலா, சட்டி தரையில் பட்டு அதிர்ந்ததாலா? ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டியைக் கையில் தூக்கிப் பிடித்துத் தட்டினேன். திரும்பவில்லை. விளையாட்டில் மும்முரமாக இருந்திருக்கலாம் என்று நானே அவளுக்காக வாதாடினேன்.

கரிக்கோச்சி மலையேறி நானுஓயா ஸ்டேஷன் வரை போய், செவ்வாய்க்கிழமை திரும்பி வரும் என்று கணவரின் கூட்டாளி சொல்லியிருந்தார். மேலே வளைவில் ரயில் கேட் இருப்பதால் அங்கே கட்டாயம் ஊதுவார்கள். அன்று கணவருக்கு மதியத்துக்கு மேல் பின்னேர வேலை. காலையில் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "பாப்பாவ நீங்க தூக்கிக்கிட்டு மேல ரோட்டுக்கு வாங்க. காலு தரையில படக் கூடாது. மூஞ்சி ஒங்க தோள்ல இருக்கணும். அவ்ளோதான். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"பள்ளிக்கூடத்துப் பரீட்சையா இது?" என்றார். ஆனால் வந்தார்.

தேயிலை மலைக்கு நடுவே போகும் அந்த ரோட்டில் நாங்கள் மூவர் மட்டும் நின்றோம். பாதை எங்களுக்குக் கீழே இருந்தது. மகள் அப்பாவின் தோளில் தலை வைத்து, மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு, அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். தூரத்தில் புகை வந்தது. இந்த முறை அவள் தலையைத் தூக்கவில்லை. அது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. ஆனாலும் காத்திருந்தேன்.

கேட்டுக்கு முன்னால் ஊதினார்கள். நீளமாக ஒன்று, பிறகு குட்டையாக ஒன்று. மலையில் பட்டுத் திரும்பி வந்தது. என் கணவரின் உடம்பு துள்ளியதை நான் பார்த்தேன். பொத்தானைத் திருகிய விரல்கள் ஒரு கணமும் நிற்கவில்லை. அவர் துள்ளியது ஏன் என்று கேட்பதுபோல அவள் அவர் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

ரயில் கீழே போய் மறைந்தது. பிறகு, "தூங்குறாளா பாரு," என்றார்.

"இல்லீங்க. முழிச்சிருக்கா."

"நல்லா பாரு."

"முழிச்சுத்தாங்க இருக்கா."

அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். லயத்துப் படிகளில் இறங்கும்போது திரும்பாமலே கேட்டார்: "அந்தக் கார்டு எங்க இருக்கு? அதையும் எடுத்துக்க. இன்னிக்கு நான் வேலைக்குப் போகல."

டிக்கோயா ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். மகளைத் தூங்கவைத்து, தலையில் வயர்களை ஒட்டிச் சோதித்தார்கள். சோதித்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். முடிவைச் சொல்வதற்கு முன் என்னிடம் கேட்டார்: "வீடு றெயில் பாதைக்குக் கிட்டவோ?"

ஆமாம் என்றேன். அவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். பதிவேட்டில் நான் போட்ட அடையாளத்தின் பக்கத்தில் ‘ரயில்’ என்று மருத்துவமாது சின்னதாக எழுதியிருந்தார். நான் அதைக் கவனித்ததே இல்லை.

"பிள்ளை காலாலதான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறா, அம்மா," என்றார். இரண்டு காதிலும் கேட்பது மிகக் குறைவு. காது மிஷின் போட வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு மாதா மாதம் வர வேண்டும். பிந்திவிட்டதா என்று கேட்டேன். "முந்தி வந்திருந்தா நல்லம். இப்ப வந்ததும் நல்லம்," என்றார். அந்த முதல் வாக்கியத்தை அவர் மறைக்காமல் சொன்னதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அந்த அடையாளத்தை வெட்டிவிடப் பேனா எடுத்தேன். பிறகு மூடி வைத்தேன். அது அங்கேதான் இருக்கிறது. கீழே புதிய திகதி போட்டு, கேட்கவில்லை என்று எழுதினேன்.

இப்போது அவளுக்கு மூன்றரை வயது. இரண்டு காதிலும் மிஷின் இருக்கிறது. முதல் மாதம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். ஒருமுறை கானில் விழுந்ததை அக்காதான் சேற்றுக்குள் கைவிட்டுத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். பாம்புக் காது என்று இப்போது அவர் சொல்வதில்லை. சொன்னால் எனக்கு வலிக்கும் என்று நினைக்கிறார். மகள் "ம்மா" என்பது இப்போது என்னைத்தான். "ப்பா" வந்திருக்கிறது. "கோச்சி" என்பதில் "சி" மட்டும் வருகிறது.

போன வாரம் கணவரின் கூட்டாளி போன் பண்ணினார். அடுத்த ஞாயிறு கரிக்கோச்சி வருகிறதாம். அத்தனை பெரிய ஊதலை மிஷின் இன்னும் பெரிதாக்கி அவள் காதுக்குள் கொட்டுமோ? அப்படியென்றால் கழற்றிவிடுவதா? கழற்றினால், மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்தும்போது அவள் மறுபடியும் அவர்களைப் பார்த்துப் பொத்துவாளே? கண்டிக்கே போன் பண்ணிக் கேட்டேன். அந்த யாழ்ப்பாணத்துப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மிஷின் அளவுக்கு மேல் விடாது, போட்டபடியே இருக்கட்டும், கொஞ்சம் எட்ட நில்லுங்கோ என்றார்.

எனவே கைகாட்டியடியில் நிற்கப் போவதில்லை. மேல் ரோட்டுக்கே போவோம். இந்த முறை தோளில் வேண்டாம், அவள் தரையில் நிற்கட்டும் என்று என் கணவர் சொல்லிவிட்டார். தரையும் அதிரட்டும், சத்தமும் கேட்கட்டும், இரண்டும் அவளுக்கு உரியதுதானே என்றார். துணிகளைக் காலையிலேயே உள்ளே எடுத்துவிட வேண்டும்.

யோசித்துப் பார்த்தால், இரண்டு தடவை வந்தும் நான் அந்த ரயிலைச் சரியாகப் பார்த்ததில்லை. பெட்டிகள் என்ன நிறம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு தடவையும் அவள் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். ஊதும்போது முடியுமா என்று தெரியவில்லை.