இடது கைக்கு வந்தவர்

என் இடது மணிக்கட்டு முறிந்தது ஓர் ஐப்பசி மாதத்தில். வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன இடத்தில், பம்புசெட் தொட்டி ஓரத்துப் பாசியில் கால் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். காஞ்சிபுரத்தில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், கட்டுப் பிரிக்க இரண்டு மாதம் ஆகும், அதற்குப் பிறகும் விரல்கள் பழையபடி விரிவதற்கு நாளாகும் என்றார். நிலத்தைப் பார்த்துக்கொள்ள அண்ணன் இருந்தார். கச்சேரியைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அப்போது நான் உத்திரமேரூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். குழுவில் மொத்தம் நான்கு பேர். குழுவின் உரிமையாளரே பாடகர். அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவரோடு ஒரு பாடகி, டோலக் வாசிக்கும் ஒருவர், பிறகு நான். நான்கு பேர் போதுமாக இருந்ததற்குக் காரணம் அந்தக் கீபோர்டு. அரேஞ்சர் வகை. தாளத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் டிரம்ஸ் தானாக ஓடும். இடது பக்கத்தில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால், அதைக் கார்டு என்போம், அந்தக் கார்டுக்கு ஏற்றபடி அடிக்குரல் தரும் பேஸ் கிடார், வயலின் கூட்டம்போன்ற ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் சேர்ந்து வரும். வலது கைக்கு மெட்டு மட்டும்தான் வேலை. கேட்பவர்களுக்குப் பத்துப் பேர் வாசிப்பதுபோல இருக்கும். ஆனால் அந்தப் பத்துப் பேரையும் நடத்துவது இடது கை. அது இல்லாவிட்டால் டிரம்ஸ் மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கீபோர்டு வருவதற்கு முன்னால் குழுவில் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் பேஸ் கிடார் வாசித்தவர் ஒருவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். மாஸ்டர் புதுக் கீபோர்டை வாங்கி வந்த அன்று, அவர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது, நான்தான் அதை முதலில் வாசித்துக் காட்டினேன். உற்சாகத்தில், "மாஸ்டர், பேஸ் கிடாரும் இதுலயே வருது பாருங்க" என்று சொல்லி இடது கையால் கார்டுகளை மாற்றி மாற்றி அழுத்தினேன். பேஸ் கிடார்காரர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முகூர்த்தக் கச்சேரிக்கு அவரையும் டிரம்ஸ்காரரையும் கூப்பிடவில்லை. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவர் காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

கை முறிந்த மறுவாரம் மாஸ்டர் என்னைப் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். செங்கல்பட்டில் ஒருவர் சொந்தக் கீபோர்டோடு வருவார், தை முடியும் வரை அவரை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றார். நான் சரி என்றேன். சொந்தக் கீபோர்டோடு வருகிறவர் தை முடிந்ததும் திரும்பிப் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறி அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

பேஸ் கிடார்காரரைத் தேடிப் போனது எதனால் என்று யோசித்தால் ஒரு காரணம்தான் தெரிகிறது. எங்கள் பாட்டுகளின் கார்டுகள் முழுக்கத் தெரிந்தவர், எனக்கு அடுத்து அவர் ஒருவர்தான். வேறு யாரிடமும் போய்ப் பயனில்லை.

அவர் என் கையைப் பார்த்துவிட்டு, திருப்புளியைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து இடது பாதியை மட்டும் வாசிக்க முடியுமா என்று கேட்டேன். 

"ரைட்டு கை நல்லாத்தானே கீது?" என்றார்.

"அது நல்லாத்தான் கீதுணா."

"ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வரேன். வாசிச்சிப் பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். பயிற்சிக்காக மாஸ்டரின் கீபோர்டு என் வீட்டில்தான் இருக்கும். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் என்பது சொல்வதற்கு எளிதாக இருந்தது. அறுபத்தோரு கட்டைகள், அகலமே ஒரு மீட்டர்தான். மாவுக்கட்டுப் போட்ட என் முழங்கை அவர் விலாவில் இடித்தது. நான் மெட்டில் கீழே இறங்கும்போது அவர் விரல்மேல் என் விரல் விழுந்தது. இரண்டு பாட்டு முடிவதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. "பேஜாராக் கீதுப்பா" என்று எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து கீபோர்டின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். அங்கே வட்டமான இரண்டு துளைகள் இருந்தன. மிடி என்று எழுதியிருக்கும், ஒயர் போட்டு வேறு கருவியை இணைப்பதற்கு. வாங்கிய நாளிலிருந்து நான் தொட்டதில்லை.

அடுத்த வாரம் ஒரு கோணிப்பையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். பார்ப்பதற்குக் கீபோர்டுதான், நான்கு ஸ்தாயி. ஆனால் அதற்குக் குரலே கிடையாது. ஸ்பீக்கர் இல்லை, உள்ளே ஓர் இசையும் இல்லை. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தமாகத் தொட்டோம் என்பதை மட்டும் ஒயர் வழியாக இன்னொரு கருவிக்குச் சொல்லும். சத்தம் அந்தக் கருவியிலிருந்து வரும். கன்ட்ரோலர் என்று சொன்னார். மூடிப்போன ஒரு ரெக்கார்டிங் அறையின் கம்ப்யூட்டர்களை எடுக்கப் போனபோது, யாருக்கும் வேண்டாம் என்று மூலையில் கிடந்ததை வாங்கி வைத்திருந்தாராம். எதற்கு வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

ஒயரை மாட்டி அவர் கட்டையை அழுத்தியதும் என் கீபோர்டிலிருந்து புல்லாங்குழல் கேட்டது. மெட்டுக்கு நான் வைத்திருந்த குரல். அவர் கார்டு பிடித்தால் மூன்று புல்லாங்குழல்கள் சேர்ந்து ஊதின. தாளம் மாறவில்லை, பேஸ் வரவில்லை. அவர் வாசிப்பது இடது கை என்று என் கீபோர்டுக்குத் தெரியவில்லை. கையேடு எங்களிடம் பாதிதான் இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, சின்னத் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். மிடியில் பதினாறு சேனல்கள் உண்டு, டிவி சேனல் மாதிரி, ஒரு சேனலில் அனுப்புவதை அதே சேனலில் கேட்டால்தான் கேட்கும் என்று விளக்கினார். கார்டைக் கேட்பதற்கென்று என் கீபோர்டு எந்தச் சேனலை வைத்திருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. ஒவ்வொரு எண்ணாக வைத்துக் கார்டு பிடித்துக்கொண்டே வந்தார். ஒன்றில் பியானோ வந்தது. ஒன்றில் ஒன்றுமே வரவில்லை. பத்தில் டிரம்ஸ் தாறுமாறாக அடித்தது. என் அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, டிபன் ஆறிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் திரையின் ஒரு பக்கத்தில், கார்டு வாங்கும் சேனலை நாமே குறித்துக் கொடுக்க ஓர் இடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். இரண்டு பக்கமும் நான்கை வைத்தார். கார்டைப் பிடித்தார். டிரம்ஸோடு பேஸ் கிடார் சேர்ந்து கிளம்பியது. அவர் கார்டை மாற்றினார், பேஸும் மாறியது. அவர் சிரிக்கவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னார். நான் கீபோர்டில் இடது வலது என்று பிரிக்கும் எல்லையை இடது ஓரத்துக் கடைசிக் கட்டைக்குத் தள்ளிவிட்டேன். அறுபத்தோரு கட்டைகளும் என் ஒரு கைக்கு. அதுவரை இறங்கியே பார்க்காத கீழ் ஸ்தாயியில் மெட்டு வாசித்தபோது அது வேறு யாரோ பாடுவதுபோல இருந்தது.

மாஸ்டர் ஒரு நாள் வந்து எங்கள் வாசிப்பைக் கேட்டார். பாட்டுக்குக் குறை ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஒரு கீபோர்டுக்கு இரண்டு பேர் என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்பதுதான் அவருக்குக் கவலை. அதனால் பேஸ் கிடார்காரர் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்காரவேண்டும் என்றார். அவர் மறுக்கவில்லை. பழைய டேப் ரெக்கார்டர் ஒயர்களின் ஐந்து முள் பின்களை வெட்டியெடுத்து, தானே சால்டர் வைத்து நீளமான ஒயர் ஒன்று செய்துகொண்டார். செங்கல்பட்டுக்காரருக்கு மாஸ்டர் ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏழெட்டுக் கச்சேரிகள் சிக்கலில்லாமல் போயின. பெட்டிக்குப் பின்னால் இருந்த அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது. அவரும் என் கையைப் பார்க்க முடியாது. நான் வாசித்த காலத்தில் கார்டுகளை நோட்டில் எழுதியிருந்தபடி, எழுதிய இடத்தில், மாற்றுவேன். அவர் சில இடங்களில் தாளத்தில் ஒரு மாத்திரை பொறுத்து மாற்றினார். சில இடங்களில் நோட்டில் இல்லாத கார்டு ஒன்றை நடுவில் வைத்தார். முதலில் தவறு என்று நினைத்தேன். மூன்றாவது கச்சேரியில் பாடகி என் பக்கம் திரும்பி, "இன்னிக்குப் பாட சொகமாக் கீது, என்னா பண்றீங்க?" என்று கேட்டார். நான் ஒன்றும் பண்ணவில்லை என்றேன். அது உண்மை.

மாகறல் பக்கத்தில் மைதானத்தில் பந்தல் போட்டு ஒரு கல்யாண ரிசப்ஷன். சாயங்காலம் ஏழு மணி இருக்கும், மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்த நேரம், மெதுவான பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டர் பிடிக்கும்வரை நான்கைந்து வினாடி எல்லாம் இருட்டு. விளக்கு வந்ததும் கீபோர்டும் உயிர் பெற்றது. ஆனால் நாங்கள் வைத்த எண்களை எல்லாம் மறந்துவிட்டிருந்தது. தாளம் இல்லை. பெட்டிக்குப் பின்னாலிருந்து அவர் பிடித்த கார்டு, மூன்று பியானோ கட்டைகளாக மைதானம் முழுக்கக் கேட்டது. மாஸ்டர் பல்லவி நடுவில் நின்றுவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு கையால் திரையில் அந்தப் பக்கத்தைத் தேடிப் போக எனக்கு அரை நிமிஷமாவது வேண்டும்.

அவர் காத்திருக்கவில்லை. கார்டு பிடிப்பதை விட்டுவிட்டு, கன்ட்ரோலரின் கீழ்க் கட்டைகளில் ஒற்றை விரலால் வாசிக்கத் தொடங்கினார். பழைய காலத்தில் கிடாரில் வாசித்த அதே நடை. பியானோவின் தடித்த குரலில் அது நிதானமாக நடந்து வந்தது. டோலக்காரர் இரண்டாவது சுற்றில் சேர்ந்துகொண்டார். மாஸ்டர் மைக்கை எடுத்து விட்ட இடத்திலிருந்து பாடினார். நான் எண்களைத் தேடுவதை நிறுத்திவிட்டு வலது கையில் மெட்டை மட்டும் தொடர்ந்தேன். டிரம்ஸ் இல்லை, ஸ்ட்ரிங்ஸ் இல்லை. அந்தப் பாட்டு அப்படியே முடிந்தது. சாப்பாட்டுப் பந்திக்குப் போய்க்கொண்டிருந்த சிலர் நின்று கேட்டார்கள். அடுத்த பாட்டுக்கு முன்னால் எண்களை வைத்துக்கொண்டோம்.  அடுத்த கச்சேரியில் மாஸ்டர் பேஸ் கிடார்காரரைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து உட்காரச் சொன்னார்.

பொங்கலுக்கு முன்னால் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மாசி பிறக்கும்போது விரல்கள் சரியாகிவிட்டன. வீட்டில் தனியாக உட்கார்ந்து இடது கையால் எல்லாக் கார்டுகளையும் பிடித்துப் பார்த்தேன், வலி இல்லை. இருந்தும் கச்சேரிக்குப் போகும்போது மணிக்கட்டில் துணிக்கட்டுக் கட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் கேட்டால் இன்னும் விரியவில்லை என்றேன். ஐந்தாறு வாரம் இப்படிப் போயிற்று. எதற்காக அப்படிச் செய்கிறேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு கச்சேரிக்குச் சாமான் இறக்கும்போது ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் தூக்கி மேடையில் வைத்தேன். திரும்பினால் பேஸ் கிடார்காரர் பின்னால் நின்றிருந்தார். மேடையைச் சுற்றிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் பீடி பற்றவைத்தார். நான் அங்கே போனேன்.

"கை எப்போ சரியாச்சி?" என்றார்.

"ஒரு மாசம் ஆச்சிணா."

"அப்பறம் இன்னாத்துக்குத் துணியக் கட்டிக்கினு கீற?"

அப்போதுதான் கூடத்தில் கீபோர்டு வாசித்துக் காட்டிய நாளைப் பற்றிப் பேசினேன். நான் சொன்ன சொல்லால்தான் அவர் வேலை போயிற்று என்று சொன்னேன். அவர் சாம்பலைத் தட்டினார்.

"நீ சொல்லலன்னாலும் அந்தப் பொட்டி சொல்லிருக்கும். அதுக்காக எனுக்குப் பிச்ச போடாத."

"பிச்ச இல்லணா. நீங்க வாசிச்சா பாட்டு நல்லா கீது. நான் வாசிச்சா அப்பிடி வரல."

 பீடி முடிகிற வரை நின்றோம். பிறகு, "துணிய அவுரு. மாஸ்டர்கிட்ட நானே பேசறேன்" என்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவர் குழுவில் தொடர்ந்தார். குணமான பிறகும் என் இடது கை மடியில்தான் கிடந்தது. சில சமயம் அதைக்கொண்டு வயலின் குரலில் மெட்டுக்கு இணையாக ஏதாவது வாசித்தேன். இப்படி இரண்டு வருடம் போல வாசித்தோம்.

பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது. ஷிஃப்ட் வேலை, கச்சேரிக்கு லீவு எடுக்க முடியாது. கன்ட்ரோலரைக் கோணிப்பையில் சுற்றித் தன்னோடு கொண்டுபோனார். நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நான் மறுபடி எல்லையைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாசித்தேன். முதல் இரண்டு கச்சேரியில் மாஸ்டர் எந்த வித்தியாசமும் இல்லை என்றார். டோலக்காரர் மட்டும் சாப்பிடும்போது, "அவரு பொறுத்து மாத்துவாரு. நீ அவசரப்படற" என்றார். நான் எந்தப் பாட்டில் என்று கேட்டேன். எல்லாப் பாட்டிலும்தான் என்றுவிட்டு ரசத்துக்குச் சோறு போடச் சொன்னார்.