மேற்குப் பக்க ஷட்டருக்கு மாற்றுப் பொருள்

குடியிருப்புக்குள் மழைநீர் வந்தால், பிரிவுப் பொறியாளரே அனுமதிக்குக் காத்திராமல் உடனே சரிசெய்துவிட்டு, பிறகு மேலே தெரிவிக்க வேண்டும். எங்கள் துறையின் பராமரிப்பு விதி இது. எனக்கு மனப்பாடம். அதற்கு அடுத்த விதியும் மனப்பாடம்: பழைய பொருளுக்குப் பதில் வேறு பொருள் போடுவதானால் ஒப்புதல் பெற வேண்டும். முதல் விதி குடியிருப்பவரைக் காப்பாற்றும். இரண்டாவது பொறியாளரைக் காப்பாற்றும். நான் இரண்டாவதைப் பின்பற்றினேன்.

பிரிவுப் பொறியாளரான எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, தேனி மாவட்டத்து அணைக் குடியிருப்பு ஒன்று என் பராமரிப்பில் இருந்தது. எந்த அணை என்பது இங்கே வேண்டாம். அங்கே ஒரு பழைய ஓட்டு வீட்டில் எங்கள் அலுவலக உதவியாளர் பாண்டியம்மாள் குடியிருந்தார். அவர் கணவர் மாயாண்டி அதே அணையில் ஷட்டர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். வீட்டில் கட்டில் போட மேற்கு ஜன்னலோரம் தவிர வேறு இடமில்லை. அந்த ஜன்னலின் தேக்குக் கதவுகளைக் கரையான் தின்றது போக மிச்சத்தை மைதா சாக்கு பிடித்துக்கொண்டிருந்தது. ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து அடிக்கும் மேகாத்தும் சாரலும் நேராகக் கட்டிலுக்கே வந்தன.

“நெஞ்சுல சளி கட்டிருச்சு சார். இன்னமும் நனையவிட்டா தாங்க மாட்டாருன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக,” என்றார் பாண்டியம்மாள்.

நான் முறைப்படி ஆராய்ந்தேன். தேக்கு போடலாம், ஆனால் இப்போது கிடைப்பது சரியாகக் காயாத மரம், அடுத்த ஆடிக்குள் முறுக்கிக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்கும். அலுமினிய ஸ்லைடிங் சட்டத்தைச் சுவரில் பொருத்த வேண்டும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஸ்குரு நிற்காது. அது தவிர மாயாண்டிக்கும் ஓர் ஆட்சேபணை இருந்தது.

“ஸ்லைடிங்னா பாதிதான சார் தொறக்கும்? பாதி தொறந்தா பாதி டேம்தான தெரியும்?”

மிஞ்சியது யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக். பழைய தேக்கு நிலை கல் மாதிரி இருந்தது. அதைப் பிடுங்காமல், அதிலேயே யுபிவிசி சட்டத்தைத் திருகி, இரு பக்கமும் திறக்கும் கதவு போடலாம். உள்ளே இரும்புப் பட்டை வைத்த ரகம் என்றால் மேகாத்தையும் தாங்கும். தேனிக் கடைக்காரர் வந்து அளந்துவிட்டு, “நாலு நாள்ல மாட்டிருவோம் சார்,” என்றார். பொறுங்கள், ஒப்புதல் வரட்டும் என்றேன்.

கோட்ட அலுவலகத்துக்கு நான் அனுப்பிய குறிப்பு: “மேற்குப் பக்க ஷட்டர் பழுது. தண்ணீர் உள்ளே வருகிறது. ஷட்டரை மட்டும் மாற்றினால் போதும். மாற்றுப் பொருளாக யுபிவிசி பரிந்துரைக்கப்படுகிறது.”

ஜன்னல் கதவுக்கு எங்கள் வரைபடத்தில் ஷட்டர் என்றுதான் பெயர். அணை மதகின் கதவுக்கும் அதே பெயர்தான் என்பது, அணைக்கரையிலேயே உட்கார்ந்து எழுதிய எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஜீப் வந்தது. கயிறு, டார்ச், லைஃப் ஜாக்கெட் சகிதம் நான்கு பேர் இறங்கினார்கள். இயந்திரப் பிரிவுப் பொறியாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“டேம் ஷட்டரைப் பிளாஸ்டிக்ல போடச் சொன்னது நீங்கதானா சார்?”

அவரைப் பாண்டியம்மாள் வீட்டுக்கு அழைத்துப்போய் மைதா சாக்கைக் காட்டினேன். விஷயத்தைக் கேட்டு முதலில் கொதித்தவர் மாயாண்டி. “என் ஷட்டர் ஒழுகுதுன்னு எவன்யா எழுதுனது? நான் இருந்தவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகுனதில்ல!” என்று இருமலோடு இரைந்தார்.

“நீங்க படுங்க. உங்க ஷட்டரை யாரும் ஒண்ணுஞ் சொல்லல,” என்று பாண்டியம்மாள் அதட்டினார். இயந்திரப் பொறியாளர் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது எங்க பிரிவு இல்லையே,” என்றார். வந்ததற்கு மதகையும் பார்த்துவிட்டு அறிக்கை அனுப்பினார்: “ஷட்டர்கள் நல்ல நிலையில் உள்ளன. கசிவு இல்லை.”

இப்போது கோப்பின்படி ஒழுகல் கிடையாது. இல்லாத ஒழுகலுக்கு ஒப்புதல் கேட்க விதியில் வழியில்லை. திருத்தக் குறிப்பு, விளக்கக் குறிப்பு, நினைவூட்டல் என்று மூன்று அனுப்பினேன். பதில் இல்லை.

ஆடி நடுவில் ஒரு காலை பாண்டியம்மாள் வேலைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். மெத்தை வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. மாயாண்டிக்குக் காய்ச்சல் கொதித்தது. ஆட்டோவுக்குக் காத்திருந்த பாண்டியம்மாள் ஒன்றுதான் கேட்டார்: “ஏன் சார், ஒரு சன்னலுக்கு நீங்களே சரின்னு சொன்னாப் பத்தாதா?”

போதும். முதல் விதியே அதைத்தான் சொல்கிறது.

அன்றே கடைக்காரருக்கு போன் செய்தேன். மாயாண்டி பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து திரும்பியபோது ஜன்னல் தயாராக இருந்தது. சாத்தினால் சாரல் வரவில்லை. திறந்தால் முழு டேமும் தெரிந்தது. அவர் தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் லூசா இருக்கு சார்,” என்றார். ஆபரேட்டர் அல்லவா.

இளைய பொறியாளர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தப் பொருளைப் போடுவது என்பதை நான் இரண்டு நாளில் முடிவு செய்துவிட்டேன். மீதி நாளெல்லாம் அந்த முடிவு என்னுடையதாக இருக்கக் கூடாது என்பதற்காகச் செலவானவை. விதிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அவற்றில் எதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கோட்ட அலுவலகம் பதில் அனுப்பாமல் இல்லை. “மேற்படி ஷட்டருக்கு யுபிவிசி ஏற்கத்தக்கதல்ல. நீரின் அழுத்தத்தைக் கருதி எஃகு ஷட்டரே பொருத்தப்பட வேண்டும். இயக்குவதற்குத் தகுதியான ஆபரேட்டர் உள்ளாரா என்பதையும் தெரிவிக்கவும்.” அது என் கைக்கு வந்த நாள், போகி.