டீசல் ஆகாத இறக்கம்

மனிதன் நிலாவில் இறங்கிய வருஷம் நான் நான்காம் வகுப்பு. அந்த ராக்கெட்டின் கீழ்ப்பகுதிகள் எரிந்து முடிந்ததும் கழன்று கடலில் விழுந்துவிடும், உச்சியிலிருக்கும் சின்னக் கூடு மட்டும்தான் திரும்பி வரும் என்று டீச்சர் சொன்னதை ஓடிவந்து அப்பாவிடம் ஒப்பித்தேன். அப்பா லாரி டிரைவர். அவருக்கு மனசே ஆறவில்லை. ஒரு லோடு இறக்கியதும் லாரியைக் கடலில் தள்ளினால் எந்த முதலாளிக்குக் கட்டுபடியாகும் என்று, சோற்றைப் பிசைந்தபடியே அமெரிக்காக்காரனோடு சண்டை போட்டார்.

காலாண்டு லீவில் என்னையும் லாரியில் ஏற்றிச் சேலம் கூட்டிப்போனார். தொப்பூர் மலை இறக்கம் தொடங்குமிடத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி இஞ்சினை நிறுத்தினார். காற்றும், சீட்டுக்கடியில் ஸ்பேனர்கள் உருளும் சத்தமும்தான் கேட்டன.

"ஏறத்தான் டீசல் வேணும் பாப்பா. எறங்கறதுக்கு எதுக்கு?" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மிச்சமான டீசல் அடிவாரத்துக் கடையொன்றில் கேனில் இறங்கியதையும், திரும்பும்போது வண்டியில் ஒரு அரிசி மூட்டை இருந்ததையும் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால் வீட்டில் லாரி முதலாளி உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். சுவரில் நான் ஒட்டியிருந்த ராக்கெட் படத்தைப் பார்த்து, இவ்வளவு பெரிய சாமானைக் கடலில் போட்டுவிட்டார்களே என்று அங்கலாய்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"எங்கப்பா முழு வண்டியையும் திருப்பிக் கொண்டாந்துருவாருங்க. தொப்பூர்ல இஞ்சினையே நிறுத்திட்டுத்தான் எறக்குவாரு. டீசலே ஆவாது."

காப்பி கொண்டுவந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "அப்புடியா கண்ணு" என்று முதலாளி சிரித்தார். காப்பியைக் குடித்து முடித்தார். அப்புறம் அப்பாவிடம், இஞ்சின் ஓடாத வண்டியில் பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் என்ன செய்வாய் என்று தணிந்த குரலில் கேட்டார்.

"எனக்கு இருக்கறது இந்த ஒரு வண்டிதாம்பா" என்று கையை நீட்டினார். அப்பா சாவியைக் கொடுத்தார்.

என்னை அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து வீட்டிலேயே இருந்தார். தினமும் என்னைக் கைபிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டார். நான் புகழ்ந்ததைக் கேட்டு முதலாளி அவருக்கு லீவு கொடுத்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஒருநாள் சாயங்கால ஜெபத்தில், இந்த லீவு முடியவே கூடாது மாதாவே என்று சத்தமாக வேண்டிக்கொண்டேன்.

பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அப்பாதான் முதலில் ஆமென் சொன்னார்.