ராம் வாங்கக் காந்திபுரம், விஷயம் சொல்ல மேட்டுப்பாளையம்

கடந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை, கம்ப்யூட்டருக்கு ராம் வாங்குவதற்காக அன்னூரிலிருந்து கோவை போனேன். அங்கிருந்து அன்றைக்கே மேட்டுப்பாளையமும் போக வேண்டியதாயிற்று. வீட்டிலேயே பிசி கட்டி ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவும். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது.

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ. போன வருஷம் எடிட்டிங்குக்காக நானே ஒரு பிசி கட்டினேன். முதலில் எட்டு ஜிபி ராம் இரண்டு போட்டேன். போதவில்லை என்று பின்னால் வேறு கம்பெனியின் இரண்டைச் சேர்த்தேன். நான்கும் 3200 வேகத்துக்கானவை. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் போய் 3600க்கு ஏற்றினேன். கம்ப்யூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை. நிற்காமல் ஓடினால் சரியாக ஓடுகிறது என்று நம்பிவிட்டேன்.

ஜனவரியில் மேட்டுப்பாளையத்தில் எஸ்தர் என்ற பெண்ணின் கல்யாணத்தை எடுத்தேன். அவளுடைய அப்பா தேவராஜ் பாக்கு மண்டியில் மூட்டை தூக்கியவர். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயே திறக்காதவராம். அன்றைக்கு சர்ச் ஹாலில் மைக்கைப் பிடித்துப் பதினோரு நிமிடம் பேசினார். நான் கொடுத்த வீடியோவில் அதிலிருந்து நாற்பது வினாடிதான் வைத்தேன். மே மாதம் அவர் மாரடைப்பில் இறந்துபோனார்.

ஜூலையில் எஸ்தர் போன் செய்தாள். "அண்ணா, அப்பா பேசுனது முழுசா வேணுங்க. அம்மா கேட்டுட்டே இருக்காங்க."

"கட்டாயம் தர்றனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கோப்பைத் திறந்தேன். நாலு நிமிடம் ஓடியதும் படம் பச்சைக் கட்டங்களாக உடைந்து நின்றுவிட்டது. கேமரா கார்டை எப்போதோ அழித்து வேறு கல்யாணத்துக்குப் பயன்படுத்தியாயிற்று. அழிக்கும் முன் கோப்பின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்திருந்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது.

வேகம் ஏற்றிய ராம் மேல் அப்போதுதான் சந்தேகம் வந்தது. ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கோப்பு நன்றாக இருந்து, படிக்கும்போது மட்டும் ராம் தவறு செய்கிறதோ என்னவோ. அப்படியானால் நல்ல ராம் போட்டால் படம் ஓடும்.

காலை 8.20க்கு அன்னூரில் பஸ் ஏறினேன். காந்திபுரம் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. சிபியுவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டருங்களா? பத்தரமா புடிச்சுக்கங்க, ரோடு நல்லால்ல" என்றார். லக்கேஜ் டிக்கெட் கேட்கவில்லை. (எல்லாரும் விடமாட்டார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.)

காந்திபுரத்தில் மாடியில் சின்னக் கடை வைத்திருக்கும் கவிதாவிடம்தான் எப்போதும் சாமான் வாங்குவேன். கடை பத்து மணிக்குத் திறக்கும். என் பிசியில் ஒரு பென்டிரைவைச் செருகி மெமரி டெஸ்ட் ஓட்டினார். ஒன்பதாவது நிமிடத்தில் திரையில் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன.

"ஏனுங்ணா, ரெண்டு கம்பெனிய ஒண்ணாப் போட்டு வேகத்தையும் ஏத்திப்போட்டீங்களே! டெஸ்ட் ஓட்டிப் பாக்கலீங்களா?"

"இல்லீங்க."

அடுத்து அவர் கேட்டது: "வெளையாட்டுக்குங்களா, தொழிலுக்குங்களா?"

"தொழிலுக்கு."

ஷோகேஸில் வண்ண விளக்கோடு 4000 வேக ராம் இருந்தது. கவிதா அதைத் தொடவில்லை. ஒத்துப்போகும் ராம்களை என் மதர்போர்டு கம்பெனி சோதித்து வெளியிட்டிருக்கும் பட்டியலைத் திறந்து, அதில் இருந்த ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். ஒரே பெட்டியில் வந்த பதினாறு ஜிபி இரண்டு, 3200 வேகம். விலை 7,400 ரூபாய். போட்டு இரண்டரை மணி நேரம் டெஸ்ட் ஓட்டினோம். ஒரு பிழையும் இல்லை.

அப்புறம் கோப்பைத் திறந்தேன். அதே இடத்தில், அதே பச்சைக் கட்டங்கள்.

"கார்டுலருந்து காப்பி பண்றப்பவே கெட்டுப்போச்சுங்ணா" என்றார் கவிதா மெதுவாக.

போனில் சொல்லிவிடலாம் என்று எஸ்தரின் நம்பரை எடுத்தேன். விரல் அழுத்தவில்லை. பிசியைக் கடையிலேயே விட்டுவிட்டு, நன்றாக இருந்த நாலு நிமிடத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, மேட்டுப்பாளையம் சாலைப் பஸ் நிலையத்துக்குப் போனேன். 2.15க்கு பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். காரமடை தாண்டியதும் மலை தெரிந்தது. வழக்கமாகப் போட்டோ எடுப்பேன். அன்றைக்கு எடுக்கவில்லை.

எஸ்தரும் அம்மாவும் வீட்டில் இருந்தார்கள். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரை வேகமாக்கப் போய் நானே கோப்பைக் கெடுத்ததையும், சோதிக்காமல் கார்டை அழித்ததையும் மறைக்கவில்லை. எஸ்தர் பென்டிரைவை வாங்கி டிவியில் செருகினாள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று தேவராஜ் ஆரம்பித்தார். மகளைப் படிக்க வைத்ததைச் சொன்னார். நடுவில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நாலு நிமிடம் முடிந்து திரை கறுப்பானது.

"இதுக்கப்புறந்தான் என்னயப் பத்திச் சொன்னாரு" என்றார் அம்மா.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "என்ன சொன்னாருன்னு நெனவிருக்குங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாம் இருக்குது கண்ணு. அவரு கொரல்ல இன்னொருக்கா கேக்கலாம்னுதான் பாத்தேன்."

எஸ்தர் என்னைத் திட்டவில்லை. வாசல் வரை வந்தவள், "வேற யாரு வீடியோவெல்லாம் இப்படி ஆயிருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் பார்த்திருக்கவில்லை. "அவங்களுக்கு அது வேணும்னு ஆகறதுக்கு முன்னால சொல்லிருங்கண்ணா" என்றாள்.

அடுத்த வாரம் முழுவதும் பழைய கோப்புகளைத் திறந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். இன்னும் இரண்டு கல்யாணங்களில் சேதம் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நேரில் போனேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ராம் வாங்கப் போகிறவர்களுக்கு: தேவையான அளவை ஒரே பெட்டியில் ஜோடியாக வாங்குங்கள். பின்னால் வேறொன்றைச் சேர்க்காதீர்கள். மதர்போர்டு பட்டியலை வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். வேகத்தை ஏற்றியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு படியிலும் பல மணி நேரம் டெஸ்ட் ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் கீழே இறக்கிவிடுங்கள். காப்பி செய்த கோப்பின் அளவை நம்பாமல், மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் மென்பொருளை ஓட்டிவிட்டுக் கார்டை அழியுங்கள்.

3600க்கு ஏற்றியதால் ஒரு கல்யாண வீடியோ தயாராக ஐம்பத்திரண்டு நிமிடத்துக்குப் பதில் நாற்பத்தேழு நிமிடம் ஆனது. மிச்சமான அந்த ஐந்து நிமிடத்தை என்னிடம் யாருமே கேட்டதில்லை.