செல்லம்மாக்காவின் ஆடுகளை டிவியில் பிடித்த கதை

டிவியில் வருவதைப் பிடித்து வைக்கிற வேலையில் பாதி, ரிமோட்டை ஒளித்து வைப்பதுதான். வீட்டில் ஒரே ஒரு டிவியும் ஒரு மாமியாரும் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். வடக்கே போனால் இருபது நாள். அவர் பார்க்காமல் விட்டதைப் பிடித்து வைக்கத்தான் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினோம். செட்டாப் பாக்ஸுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. பாக்ஸில் எந்தச் சேனல் ஓடுகிறதோ அது அப்படியே எச்டியில் பதிவாகும். அதைப் போனில் ஓடுகிற மாதிரி மாற்றி, பேர் போட்டு, ஹார்ட் டிஸ்கில் அடுக்கி வைப்பேன். எப்படியோ எருமப்பட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. யாராவது கேட்டு வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வேன். அவ்வளவு தைரியம்.

அந்த ஒரு வார்த்தை

பக்கத்துத் தோட்டத்துச் செல்லம்மாக்கா, வீட்டுக்காரர் தவறிய பிறகு தனியாக நின்று ஆடு வளர்க்கிறவர். ஆட்டையெல்லாம் விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு என்றார் மோகனூரில் இருக்கிற அண்ணன். இவர் மாட்டேன் என்றார். நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. இப்போது விவசாய நிகழ்ச்சி ஒன்றில் அக்காவின் பண்ணையைக் காட்டப் போகிறார்கள். அதில் அண்ணனைப் பற்றியும் சொல்லியிருக்கிறாராம். அண்ணன் வீட்டில் அந்தச் சேனல் வராது.

"என்ன பண்ணுவியோ அம்மிணி, அந்த ஒரு வார்த்தை எங்கண்ணன் காதுல உழுகோணும்."

ஜோசியர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதிவை ஓட விட்டு, ரிமோட்டை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, பாப்பாவைக் குளிக்க வைக்கப் போனேன். அன்றைக்கென்று மாமியார் அரிசி அளக்க வந்திருக்கிறார்.

செல்லம்மாக்காவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். ஆடு வருகிறது, தீவனத் தொட்டி வருகிறது, அக்கா சேலையைச் சரி பண்ணிக்கொண்டு வாயைத் திறக்கிறார். திறந்ததும் பெரிய பொட்டு வைத்த ஜோசியர் ஒருவர் வந்து, கடக ராசிக்கு இந்த வாரம் எல்லாம் கூடி வரும் என்கிறார். கடைசி வரைக்கும் அவரேதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா என் முதுகில் தட்டினார்.

"எனக்குக் கடகந்தான் அம்மிணி. கூடி வரும்னு அவரே சொல்லிட்டாரல்ல."

ஒயரில் ஏறிய லோடு

புதன்கிழமை மத்தியானம் அதையே மறுபடி போட்டார்கள். மாதாமாதம் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்துவதும் அதே புதன்கிழமை. நல்லவேளை, வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். போனுக்குச் சார்ஜ் போட லாரியில் வைத்திருந்த இன்வெர்ட்டரிலிருந்து ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து பாக்ஸுக்குக் கொடுத்தார். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக மாமியார் ரிமோட்டைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. லாரிக்கும் வீட்டுக்கும் எதற்கு ஒயர் என்று தெருவே வந்து கேட்டது. வீட்டுக்காரர் கேபினில் இருந்தபடியே பதில் சொன்னார்.

"இத்தனை வருசத்துல ஆட்டை ஒயர்ல ஏத்துனது இன்னிக்குத்தானுங்க."

ஒட்டகம்

நாலு நிமிஷமும் முழுசாகக் கிடைத்தது. எச்டி பதிவு பெரிசு என்பதால் சின்னதாக மாற்றப் போட்டேன். லேப்டாப் தோசைக்கல் மாதிரி காய்ந்தது. அவசரத்தில் அகல உயரக் கணக்கை மாற்றிக் கொடுத்துவிட்டேன். திரையில் எல்லாம் நெட்டையாக நசுங்கி, ஆடுகள் ஒட்டக மந்தை மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு போயின. மாமியார் சிரித்ததில் பாப்பா பயந்து அழுதாள். செல்லம்மாக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரையில் தன்னையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டைச் சரி பண்ணிரு அம்மிணி. என்னைய இப்படியே ஒல்லியா உட்டுரு."

நடுவில் நான்

கரும்பு லோடு பேசலாம் என்று சொல்லி, மோகனூர் அண்ணனை வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வரவழைத்தார். செல்லம்மாக்கா சமையலறையில். அண்ணன் டிவி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு. பென் டிரைவைச் சொருகிவிட்டு நான் நிலைப்படியில் நின்றேன்.

"எங்கண்ணன் குடுத்த ரெண்டு குட்டியிலதான் ஆரம்பிச்சேன். இது அத்தனையும் அதுக வழிதான்" என்றார் டிவியில் அக்கா. அண்ணன் ரிமோட்டைக் கேட்டார். பின்னால் தள்ளி அதையே இன்னொரு தரம் கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப் பார்த்து, சமையலறைக்குக் கேட்கிற மாதிரி, "செனையாட்டுக்கு அத்தனை மக்காச்சோளமா போடுவாங்கன்னு உங்கக்காவைக் கேளம்மிணி" என்றார்.

நான் கேட்பதற்குத் திரும்பி, வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து வந்துவிட்டது:

"நேர்ல வந்து பாத்துட்டுத் திட்டுங்கண்ணா."

ஆக, ஓர் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு டிவி, ஒரு லேப்டாப், ஒரு லாரி, நாலு நிமிஷம் ஒட்டகம் வேண்டியிருந்தது. ஹார்ட் டிஸ்கில் இடமில்லாவிட்டாலும் எல்லாம் கூடி வரும் என்று சொன்ன அந்த ஜோசியரை மட்டும் அழிக்க எனக்கு மனசு வரவில்லை.