தட்டக்கா சொன்ன கடை

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நகரத்தில் யாரும் நேரத்துக்கு எழுந்திருப்பதில்லை. ஒன்பது மணிக்கு மேல் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, காலைச் சாப்பாடா மதியச் சாப்பாடா என்று சொல்ல முடியாத ஒன்றைத் தேடிக் குடும்பத்தோடு கிளம்புவார்கள். அதற்குப் பிரன்ச் என்று பெயர். எந்தக் கடைக்குப் போவது என்று சனிக்கிழமை முழுக்கப் போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே கடையை ஒருவர் தேவலோகம் என்று எழுதியிருப்பார், அதற்கு அடுத்த வரியிலேயே இன்னொருவர் தண்டம் என்று எழுதியிருப்பார். யாரை நம்புவது?

தட்டக்காவை நம்பலாம். பெரிய தெருவும் ரயில் நிலையச் சாலையும் சேருகிற முனையில் இருக்கும் கடையில் அவள் பதினாலு வருஷமாகத் தட்டு கழுவுகிறாள். சமையல்கட்டுக்கும் சாப்பிடும் கூடத்துக்கும் நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல். பரிமாறுகிறவர்கள் எச்சில் தட்டுகளை அதில் வைத்துவிட்டு, மேஜை எண்ணை மட்டும் சொல்லிவிட்டு ஓடுவார்கள். தட்டக்கா ஒவ்வொரு தட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வழிப்பாள். முட்டைத் தட்டு என்றால் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். எடுத்த எடுப்பில் வெந்நீரை ஊற்றினால் மஞ்சள் கரு வெந்து, தட்டோடு கல்யாணம் செய்துகொண்டுவிடும். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் முதல் நாள் இந்தத் தப்பைச் செய்து, சாயங்காலம் வரை சுரண்டிக்கொண்டு நிற்பார்கள்.

"வாய் மரியாதைக்குப் பேசும், தட்டு அப்படிப் பேசாது" என்பது அவள் கட்சி. கூடத்தில் எல்லோரும் "ஆஹா, பிரமாதம்" என்பார்கள். ஜன்னலுக்கு வரும்போதுதான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். சமையல் மாஸ்டர் ஒரு சமயம் மூன்று அடுக்குப் பழக் கேக் ஒன்றைப் போட்டார். வந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள். தட்டக்கா ஒரு வாரம் பார்த்துவிட்டு, "மாஸ்டர், முதல் அடுக்கைத்தான் திங்கறாங்க. மிச்ச ரெண்டு அடுக்கும் எங்கிட்டதான் வருது" என்றாள். மாஸ்டர் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் கேக்கை ஒரே அடுக்காக்கினார். அதற்குப் பிறகு புதிதாக எது போட்டாலும், கூட்டம் ஓய்ந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்து, "என்ன திரும்பி வந்துச்சு?" என்று கேட்பது அவர் வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் தட்டக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதை அவள் ஒளித்ததும் இல்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா போன் செய்தாள். தட்டக்காவின் ஒரே மகளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"சம்பந்தி, ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வரார். எல்லாரும் வெளியில சாப்பிடலாம்னு இருக்கோம். ஆளாளுக்கு ஒரு கடை சொல்றாங்க. நீங்க ஹோட்டல்லயே இருக்கறவங்க, நீங்க சொல்லுங்க. எங்க போலாம்?"

இப்படி ஒரு கேள்விக்குத் தட்டக்கா பொய் சொல்ல மாட்டாள். "எங்க கடைக்கே வாங்க. பதினொரு மணிக்கு முன்னாடி வந்துடுங்க. காளான் ஆம்லெட் வாங்குங்க, அது ஒரு நாளும் மிச்சமா திரும்பி வந்ததில்ல. பொரிச்ச உருளைக்கிழங்கு வேண்டாம், இப்ப ரெண்டு வாரமா பாதிப் பாதியா வருது."

"வருதுன்னா?"

"அது பெரிய கதை, நேர்ல வந்தா சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

கால் மணி நேரத்தில் மகள் கூப்பிட்டாள். குரலை அடக்கிப் பேசினாள். "ஏம்மா, இந்த ஊர்ல வேற கடையே இல்லையா?"

"ஏண்டி, எங்க கடைக்கு என்ன குறைச்சல்?"

"கடைக்கு ஒண்ணுமில்ல. நான்... அந்தக் கிச்சனுக்கே அம்மாதான் பொறுப்புன்னு சொல்லி வெச்சிருக்கேன். மாஸ்டரே உன்னைக் கேட்டுத்தான் செய்வார்னு."

"கேட்டுத்தான் செய்யறார்."

"அம்மா! தட்டு கழுவறேன்னு நான் சொல்லலம்மா."

அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுதான் தட்டக்கா இவளைப் படிக்க வைத்தாள். பஸ் ஓட்டுகிற கணவர் சம்பளத்தில் வீடு ஓடியது, அம்மா சம்பளத்தில் காலேஜ் ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிளம்பிய மகள் மேல் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே வருத்தமும் வந்தது. ஆனால் புது வீட்டில் காலூன்றிக்கொண்டிருக்கிற பெண் பயந்து நடுங்குவதைக் கேட்டபோது, பெற்ற மனம் இறங்கிவிட்டது.

"சரி, விடு. நான் உள்ளயே இருக்கேன். நீங்க சாப்பிட்டுப் போற வரைக்கும் வெளிய தலை காட்டமாட்டேன். போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு வந்தார்கள். எட்டாம் நம்பர் மேஜை. தட்டக்காவின் கணவருக்கு அன்றைக்கும் பஸ் டூட்டி, அதனால் அவர் வரவில்லை. தட்டக்கா ஜன்னலை விட்டுத் தள்ளி நின்று, குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தாள். பதினொன்றேகாலுக்குத் தட்டுகள் வந்தன.

"எட்டு!"

ஐந்து தட்டு. முதல் தட்டு காளான் ஆம்லெட். ரொட்டியால் துடைத்தே எடுத்திருந்தார்கள், சம்பந்தியம்மாவாகத்தான் இருக்கும். சொல்பேச்சு கேட்காமல் உருளைக்கிழங்கு வாங்கிப் பாதியை விட்டது அவளுடைய அண்ணனாக இருக்கும். மூன்றும் நாலும் மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவது தட்டை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அரைவேக்காட்டு முட்டை, மஞ்சள் கரு உடையவே இல்லை. ரொட்டி மட்டும் விரல் விரலாக நறுக்கியிருந்தது. முட்டையில் தொட்டுத் தின்பதற்கு அப்படி நறுக்கிக் கொடுத்தால்தான் சின்ன வயசில் மகள் வாயைத் திறப்பாள். இப்போது நறுக்கி வைத்துவிட்டு, ஒரு துண்டைக்கூட வாயில் வைக்காமல் அனுப்பியிருக்கிறாள்.

பரிமாறுகிறவள் மறுபடி ஓடி வந்தாள். "தட்டக்கா, எட்டாம் நம்பர்ல ஒரு அம்மா, கிச்சன் பொறுப்பாளரைக் கூப்பிடுங்க, எங்க சம்பந்தின்னு சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?"

மாஸ்டருக்கு விஷயம் முன்பே தெரியும். தட்டக்கா வாயில் எது நின்றது? அவர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நீட்டினார். "போட்டுக்கிட்டுப் போ. ரெண்டு நிமிஷம் சிரிச்சுட்டு வந்துடு. யாருக்குத் தெரியப் போகுது?"

நல்ல மனுஷன். தட்டக்கா ஒரு கையை நுழைத்தும்விட்டாள். கோட்டு அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. மறு கையை நுழைக்கும்போது அந்த உடையாத மஞ்சள் கரு கண்ணில் பட்டது. இன்றைக்கு இந்தக் கோட்டு, அடுத்த மாதம் இன்னொரு பொய். அது வரைக்கும் இந்தப் பெண் எந்த மேஜையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவாள்?

கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள். ஈர ஏப்ரனோடு, ரப்பர் கையுறையோடு, கூடத்துக்குள் நடந்தாள். மகளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"வாங்க சம்பந்தி, வாங்க அண்ணா" என்றாள் தட்டக்கா. "பதினாலு வருஷமா இங்க தட்டு கழுவறேன். கிச்சனுக்குப் பொறுப்பு மாஸ்டர். எது திரும்பி வருதுன்னு அவருக்குச் சொல்றது நான்."

சம்பந்தியம்மா மருமகளைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள், தன் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா? உருளைக்கிழங்கு வேண்டாம்னு சொன்னேனே, கேட்டியா? தட்டைப் பார்த்தவங்க சொன்னது!" பிறகு மருமகளிடம், "ஏம்மா, இதையா எங்கிட்ட மறைச்ச? எனக்கு இப்பக் கோபம் வருது, வீட்டுக்குப் போய்ப் பேசறேன். சம்பந்தி, நீங்க உட்காருங்க."

"உட்கார நேரமில்லைங்க, அடுத்த கூட்டம் வந்துடுச்சு." தட்டக்கா மகள் பக்கம் குனிந்தாள். "உனக்கு வேற முட்டை அனுப்பச் சொல்றேன். சூடா சாப்பிடு."

ஜன்னலுக்குத் திரும்பி மாஸ்டரிடம் சொன்னாள். மாஸ்டர் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினார். அரை மணி நேரம் அவள் வேறு வேறு மேஜைத் தட்டுகளாகக் கழுவித் தள்ளினாள், ஒன்றும் மனதில் பதியவில்லை.

"எட்டு."

பரிமாறுகிறவள் குரல் இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மகள் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. கூடம் முழுக்கப் பார்க்க, தன் தட்டைத் தானே ஏந்திக்கொண்டு வந்திருந்தாள். "எங்கம்மா" என்று பக்கத்தில் நின்ற பரிமாறுகிறவளிடம் சொன்னாள், அவளுக்குத் தெரியாதது போல.

தட்டக்கா தட்டை வாங்கிப் பார்த்தாள். ரொட்டித் துணுக்குகூட மிச்சமில்லை, மஞ்சள் கருவின் சுவடே இல்லை. கழுவுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் முதலில் பச்சைத் தண்ணீரில் காட்டி, அப்புறம் வெந்நீரில் கழுவி, மற்ற தட்டுகளுக்கு முன்னால் நிறுத்தி வைத்தாள்.